முயலுக்கு வீடு: கூண்டைவிட இடமே முக்கியம்

குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாரச் சந்தையில் ஒரு ஜோடி முயல் வாங்குகிறார்கள். கூடவே கடைக்காரர் காட்டும் கம்பிக் கூண்டும் வீட்டுக்கு வந்து விடுகிறது. மாசியில் வந்த முயல், சித்திரை முடிவதற்குள் ஒரு நாள் மதியம் கால்களை நீட்டிக் கிடக்கிறது. என்ன நோயோ என்று சொல்லி வேலி ஓரத்தில் புதைத்து விடுகிறார்கள். பெரும்பாலும் அது நோய் அல்ல, வெயில். குற்றம் கூண்டு வைத்த இடத்தில் இருக்கிறது.

முயலுக்கு மனிதரைப் போல வியர்க்காது. உடல் சூட்டைக் காதுகள் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் அது வெளியேற்றியாக வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போதே திணறத் தொடங்கும். 35-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற இனங்களை வைத்து ஆராய்ச்சி நடக்கும் சாண்டிநல்லாவும் மன்னவனூரும் மலை ஊர்கள். ஒன்று நீலகிரியில், மற்றொன்று கொடைக்கானல் மலையில். சமவெளியில் வளர்க்க முடியாது என்பதல்ல. அங்கே குளிர்ச்சி தானாக வருகிறது, இங்கே அதை நாம் உண்டாக்க வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? கூண்டை மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழ் வைக்கிறார்கள். பூனை வராது என்பது அதற்குக் காரணம். பூனை வராதுதான், ஆனால் அந்த இடம் மதியத்தில் அடுப்பாகி விடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஏறக்குறைய அப்படியே. விவசாயியின் வீட்டில் இதைவிட நல்ல இடம் இருக்கிறது: வேம்பு அல்லது புங்க மரத்தின் அடி. அங்கே கிழக்கு மேற்காக நீளம் வைத்து ஒரு சின்னக் கீற்றுப் பந்தல் போட்டால் போதும். பக்கங்களை அடைக்கக் கூடாது. மழைச் சாரலுக்கு மட்டும் சாக்குப் படுதா தொங்க விடலாம். கோடையில் அதே சாக்கை நனைத்து, காற்று வரும் பக்கம் கட்டலாம். நாலு பக்கமும் ஈரச் சாக்கைக் கட்டி மூடினால் புழுக்கம் ஏறி, நன்மைக்குப் பதில் தீமையாகும்.

ஒரு முயலுக்கு இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றரை அடி உயரம் என்று சொல்வார்கள். அது பண்ணைக் கணக்கு. பிள்ளைகள் கொஞ்சி வளர்க்கும் முயல் பல ஆண்டுகள் இருக்க வேண்டியது. நாலு தாவு தாவவும், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கவும் இடம் வேண்டும். ஒரு ஜோடிக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் இருந்தால் நல்லது. காலையிலும் மாலையிலும் நாயைக் கட்டி விட்டு, வேலி அடைத்த இடத்தில் சற்று ஓட விட வேண்டும். நாய் குரைத்துத் துரத்தினால் பயத்திலேயே முயல் உயிரை விடுவதும் உண்டு.

தரை முழுவதும் கம்பி வலையாக இருந்தால் பின்னங்கால் புண்ணாகும். அரை அங்குலக் கண் உள்ள வலை போட்டு, பாதி இடத்தில் ஒரு பலகை வைத்தால் அதில் போய்ப் படுத்துக் கொள்ளும். மூங்கில் தப்பை அடித்தால் செலவு குறைவு. ஆனால் முயல் கடித்துக் கொண்டே இருக்கும், அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். பஞ்சாரத்தில் போட்டுத் தரையில் கவிழ்ப்பது மட்டும் கூடாது. மண்ணைத் தோண்டி வெளியேறி விடும். இல்லாவிட்டால் தன் சிறுநீரிலேயே படுத்துக் கிடக்கும். அந்த நெடி மூச்சைக் கெடுக்கும். புழுக்கையோடு கலந்த தீவனம் ரத்தக் கழிச்சலைக் கொண்டு வரும்.

கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கட்டும். கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. இது சின்ன விஷயம் அல்ல. முயல் குட்டி ரோமம் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கிறது. கண் திறக்கப் பத்து நாள் ஆகும். எறும்பு மொய்த்தால் ஓட அதற்கு வழியில்லை.

குட்டி வேண்டாம் என்பவர்களும் இதை மறக்கக் கூடாது. ஜோடி என்று வாங்கியவை ஐந்து மாதத்தில் ஆணும் பெண்ணுமாகத் தெரியவரும். சினையானால் 31 நாளில் குட்டி. எனவே கூண்டு செய்யும்போதே நடுவில் தடுப்புப் போட வசதி வைத்துக் கொள்ள வேண்டும்.

அறுவடையில் அகப்படும் காட்டு முயல் குட்டியை எந்தக் கூண்டிலும் அடைக்கக் கூடாது. அது வேறு இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. கண்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தாய் இருட்டிய பின் வரும்.

வளர்ப்பு முயல் வாங்க எண்ணுபவர், கூண்டு வைக்க நினைக்கும் இடத்தில் பிற்பகல் 2 மணிக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். சட்டை நனைந்து எழுந்திருக்க வேண்டியிருந்தால் முதலில் அங்கே பந்தல் வரட்டும். முயல் பிறகு வரலாம்.