திரையில் வீதி, தாளில் விதி!

போன மாதம் என் அத்தைக்கு ஒரு விண்ணப்பம் அடிக்க, மன்னார்புரம் நால்ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். முகவரி: ஸ்ரீரங்கம், மேலச் சித்திரை வீதி. அடித்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அத்தை கண்ணாடி போட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். "சரியா இருக்கு" என்றோம். தாள் வெளியே வந்ததும்தான் தெரிந்தது, "மேலச் சித்திரை விதி"! மறுபடி அடிக்க இன்னொரு இருபது ரூபாய். திட்டு வாங்கியது நான்.

எங்கள் கண்ணில் கோளாறு இல்லை நண்பர்களே. கணக்கைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி போடும் லேசர் பிரிண்டரில் 10 பாயிண்ட் எழுத்துக்கு ஏறக்குறைய 83 புள்ளி உயரம் கிடைக்கிறது. 96 புள்ளிக் கணக்கில் ஓடும் திரையில் அதே எழுத்துக்கு 13 புள்ளிதான்! 'வி'க்கும் 'வீ'க்கும் உள்ள வித்தியாசமே மேலே இருக்கும் ஒரு சின்னச் சுழி. அதன் பங்குக்கு வருவது இரண்டு மூன்று புள்ளி. நடுவில் வெள்ளை எங்கே நிற்கும்? சுழி அடைத்துக்கொள்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை வந்தபோது சும்மா இருக்கவில்லை. 1996-இல் மைக்ரோசாஃப்டுக்காக மேத்யூ கார்ட்டர் 'வெர்டானா'வைத் திரைக்கென்றே வரைந்தார். முதலில் புள்ளிகளாக வரைந்து, பிறகுதான் அதற்குக் கோட்டுருவம் கொடுத்தார். நம் ஊரிலும் இந்த அக்கறை இருந்திருக்கிறது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன, தாளைத் தின்றன. தரங்கம்பாடி மிஷனார் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். தாளுக்கு ஏற்ற எழுத்து வேண்டும் என்று முந்நூறு வருடம் முன்பே தெரிந்திருக்கிறது. திரைக்கு ஏற்ற எழுத்து வேண்டும் என்பது மட்டும் ஏன் நமக்குத் தெரியவில்லை?

"இதெல்லாம் பழைய கதை, இப்போது செல்பேசியில் அச்சு மாதிரியே தெரிகிறதே" என்பார்கள். உண்மைதான், நல்ல செல்பேசியில் அங்குலத்துக்கு 400 புள்ளிக்கு மேல் இருக்கிறது. ஆனால் நம் விண்ணப்பமும் சான்றிதழும் செல்பேசியிலா அடிக்கப்படுகின்றன? கடையிலும் அலுவலகத்திலும் இருக்கும் சாதாரண 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் இன்றைக்கும் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிதான். விலை உயர்ந்த கருவி வைத்திருப்பவருக்குத் தெளிவான தமிழ், மற்றவருக்கு மங்கல் தமிழ் என்றால் அது என்ன நியாயம்?

இன்னொரு கொடுமை, ஆங்கிலத்துக்கு வைத்த அளவையே தமிழுக்கும் வைப்பது. போதாததற்குத் தடித்த எழுத்து வேறு. இருக்கிற சுழியும் மூடிக்கொள்கிறது. சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபிலேயே இல்லை. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாவிட்டால் உலாவி தானாகவே நம் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது!

நான் கேட்பது பெரிய செலவில்லை. தமிழுக்கு 16 புள்ளிக்குக் குறையாத அளவு. வரிக்கு வரி கொஞ்சம் தாராளமான இடைவெளி. சுழிகள் திறந்திருக்கும், திரைக்கென வரைந்த எழுத்துரு. தமிழில் படிவம் வைக்கும் ஒவ்வோர் அலுவலகமும் கல்லூரியும், வெளியிடும் முன் 'வி, வீ, தி, தீ' என்று ஒரு சாதாரணத் திரையில் அடித்துப் பார்க்கட்டும். அறுபது வயதுக்காரர் ஒருவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லட்டும்.

அவருக்குத் தெரியவில்லை என்றால் மாற்ற வேண்டியது அவருடைய கண்ணாடியை அல்ல!