முற்றுப்புள்ளியை யார் கற்பிப்பது?

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு காலத்தில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தது என்பதை வடசென்னைக்காரர்களிலேயே பலர் அறியார். வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்று அதற்குப் பெயர். சிவபெருமான் பதினான்கு நாட்கள் இங்கே தோன்றிப் பாணினிக்குச் சூத்திரங்களை அருளினார் என்பது தலத்து நம்பிக்கை. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த மண்டபத்துக்கென்று நிலம் விடப்பட்டதாகக் கல்வெட்டு உண்டு. கற்பித்தது வடமொழி இலக்கணம். யாருக்குக் கற்பித்தார்கள், யாருக்குக் கதவைச் சாத்தினார்கள் என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆனாலும் இலக்கணம் கற்பிப்பது ஒரு தனி வேலை, அந்த வேலைக்குச் சோறு போட வேண்டும் என்பது அன்றைய அரசுக்குத் தெரிந்திருந்தது. அதே ஊரில் இன்று ஆங்கில ஆசிரியராகப் போகும் பிள்ளைக்கு இலக்கணத்தையும் நிறுத்தற்குறிகளையும் கற்பிப்பவர் யார்? எவரும் இல்லை.

மிகைப்படுத்தவில்லை. வரிசையாகப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் என்பது கோடிட்ட இடத்தை நிரப்புவது. இளங்கலை ஆங்கில இலக்கிய வகுப்பில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் காத்திருக்கிறார்கள். அங்கே போய்க் காற்புள்ளியைப் பற்றிக் கேட்கும் மாணவன் கேலிக்குரியவன். ‘அதெல்லாம் பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டும்’ என்பார்கள். பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டாக்கப்பட்டது. பாடத்தை எப்படி நடத்துவது என்பதே அங்கு பாடம்; நடத்த வேண்டிய பொருள் முன்பே கைவசம் இருப்பதாக அனுமானம். அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012இல் தமிழ்நாட்டில் அது முதன்முதலாக நடந்தபோது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர், 2,448 பேர் தேறினர். நாடே ஆசிரியர்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தத் தேர்வைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதன் இரண்டாம் தாளில் 150 வினாக்கள். ஆங்கில ஆசிரியராக விரும்புகிறவர் ஆங்கிலத்தில் 30 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். கணக்கும் அறிவியலும் சேர்ந்த பகுதியிலோ சமூக அறிவியலிலோ 60 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அனைத்தும் நான்கில் ஒன்றைத் தெரிவு செய்பவை. ஆக, ஒரு வாக்கியம்கூட எழுதாமல், ஒரு முற்றுப்புள்ளிகூடத் தம் கையால் வைக்காமல், ஒருவர் ஆங்கிலம் கற்பிக்கத் தகுதி பெற்றுவிடலாம்.

நான் தமிழாசிரியன். ‘உமக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து தகுதித் தேர்வு எழுதுவோருக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறோம். தமிழ் என் பொறுப்பு. ஆங்கிலம் எடுக்கும் நண்பர் ஒரு ஞாயிறு வர இயலாமற் போயிற்று. பொழுது போக வேண்டுமே என்று, அன்று காலை எழுந்ததிலிருந்து வகுப்புக்கு வந்தது வரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண், குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஒன்பது வரி எழுதியிருந்தார். எழுந்தேன், தண்ணீர் பிடித்தேன், தம்பியை எழுப்பினேன் என்று போகிறது. வினைச்சொற்களில் பெரிய பிழையில்லை. ஆனால் வரிக்கு மூன்று காற்புள்ளி. முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றே ஒன்று. ஏனம்மா இப்படி என்றேன்.

“முடிஞ்சாத்தானே சார் புள்ளி வைக்கணும்? வீட்ல இருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் ஒரே ஓட்டந்தானே?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது இலக்கணம். தமிழில் அவர் இதை எப்படிச் சொல்லியிருப்பார்? எழுந்து, தண்ணீர் பிடித்து, தம்பியை எழுப்பி, சோறு வடித்து, பேருந்தைப் பிடித்து வந்தேன். ஆறு வினை, முற்று ஒன்றுதான். மற்ற ஐந்தும் வினையெச்சம். எத்தனை எச்சத்தை அடுக்கினாலும் தமிழ் தாங்கும். முற்று வரும்வரை வாக்கியம் முடியாது. அந்தப் பெண் தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ஆங்கிலச் சொற்களைப் போர்த்தியிருந்தார். ஆங்கிலத்திலோ அவர் எழுதிய ஒவ்வொரு வினையும் முற்று. இரண்டு முற்றுகளைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டுவதை அந்த மொழி ஏற்காது. ஐந்தாண்டுகளாக அவருடைய விடைத்தாள்களில் சிவப்பு மையால் அந்தக் காற்புள்ளிகளைச் சுழித்திருக்கிறார்கள். ஏன் சுழித்தார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. கரும்பலகையில் வினையெச்சம், வினைமுற்று என்று இரண்டு சொற்களை எழுதி, இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்தேன். பதினைந்து நிமிடம். அவரே தம் தாளை வாங்கி ஏழு முற்றுப்புள்ளிகளை வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த கருத்து ஆங்கிலத்துறை நண்பர்களுக்குக் கசக்கும். தமிழ் இலக்கணம் அறியாதவர் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் கற்பிக்க இயலாது. நிறுத்தற்குறியை நிச்சயமாகக் கற்பிக்க இயலாது.

நிறுத்தற்குறி நம்மிடம் பிந்தி வந்தது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட இல்லை. ஆனாலும் எழுதியதைப் படிக்க முடிந்தது. காரணம், ஆங்கிலம் குறியால் செய்வதில் பெரும்பகுதியைத் தமிழ் சொல்லின் உறுப்பாலேயே செய்துவிடுகிறது. வினாக்குறி செய்வதை ‘வந்தானா’ என்னும் ஆகாரம் செய்கிறது. மேற்கோள்குறி செய்வதை ‘என்று’ செய்கிறது. அடுக்கிச் சொல்லும்போது காற்புள்ளிக்குரிய வேலையை உம்மை பார்த்துக்கொள்கிறது. உரைநடையில் வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்று வந்து உட்கார்ந்தவுடன், வாக்கியம் முடிந்ததென்று செவிக்கே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வினை நடுவில் வருகிறது. முடிவு எங்கே என்று கண்ணுக்குக் காட்ட ஒரு புள்ளி தேவைப்படுகிறது. இதைச் சொல்லாமல், மூச்சு வாங்கும் இடத்தில் காற்புள்ளி, கொஞ்சம் அதிகமாக வாங்கினால் முற்றுப்புள்ளி என்று சொல்லிக்கொடுக்கிறோம். குறில் நெடில் போல மாத்திரைக் கணக்கு! அந்தப் பெண் மூச்சே வாங்காமல் ஓடிவந்தவர். அவர் எங்கே புள்ளி வைப்பார்?

நிறுத்தற்குறிகளைத் தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்டு பரப்பியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். நன்னூலை முழுதாக உள்வாங்கிய ஒருவர் ஆங்கிலக் குறிகளைப் பார்த்தபோது, எது நமக்கு வேண்டும், எதற்கு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு இலக்கணமும் ஒரு தலைக்குள் இருந்ததால் நடந்த காரியம் அது. இன்று நம் ஆசிரிய மாணவர்களின் தலைக்குள் இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா?

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் ‘எ’ போடுவதா ‘தி’ போடுவதா என்பது நம் பிள்ளைகளுக்குத் தீராத தலைவலி. தமிழில் இப்படி ஒன்று இல்லை, மனப்பாடம் செய் என்று சொல்லிவிடுகிறார்கள். இல்லையா? ராயபுரத்தில் எந்தக் குழந்தையையும் கேட்டுப் பாருங்கள். ‘அம்மா மீன் வாங்கினாங்க’ என்பதும் ‘அம்மா மீனை வாங்கினாங்க’ என்பதும் ஒன்றா? முதலாவது ஏதோ மீன். இரண்டாவது, நாம் முன்பே பேசிய, எனக்கும் உனக்கும் தெரிந்த அந்த மீன். இரண்டாம் வேற்றுமை உருபு வரும்போதும் மறையும்போதும் ஒரு வேறுபாட்டை அந்தக் குழந்தை பிழையில்லாமல் காட்டுகிறது. (உயர்திணையில் இது செல்லாது என்பதை இலக்கணம் கற்ற அன்பர்கள் சுட்டிக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.) முழுப் பொருத்தம் இல்லைதான், ஆனால் தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. அப்பாஸ்ட்ரஃபி தவறும் இப்படியே. மாணவர், கள், உடைய: தமிழில் பன்மை முன்னே, வேற்றுமை உருபு பின்னே. ஆங்கிலத்திலும் பன்மை எஸ் முன்னே, குறி பின்னே. தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததைச் சொல்வதைத்தானே கற்பித்தல் என்கிறோம்?

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. அங்கேதான் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும். ‘துறைமுகத்தில் வேலை செய்யும் என் அண்ணன்’ என்றால் எனக்கு அண்ணன் ஒருவரா, பலரா? பெயரெச்சம் சொல்லாது. ஆங்கிலத்தில் இரண்டு காற்புள்ளிகள் சொல்லிவிடும்: போட்டால் அண்ணன் ஒருவர், எடுத்துவிட்டால், பலருள் துறைமுகத்து அண்ணன். தமிழில் இல்லாத வேறுபாடு என்பதால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ் தெரியாத ஆசிரியருக்கு எங்கே நேரம் ஒதுக்குவது என்பதும் தெரியாது.

இதற்கு எதிர்த்தரப்புகள் உண்டு. ஆங்கில வகுப்பில் தமிழ் நுழையக்கூடாது என்பது ஒன்று. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் 27,000 ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சியளிப்பார், அவர் அதற்கடுத்தவருக்கு. உருட்ட உருட்டப் பெருக்கும் என்று ‘மெட்ராஸ் பனிப்பந்து’ எனப் பெயரிட்டார்கள். (பனியே விழாத ஊரில் என்ன உவமை பாருங்கள்.) வாக்கிய அமைப்புகளை வாய்வழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை அது. கைக்குக் கை மாறுகையில் பந்து உருகித்தான் போகும். பயிற்சியின் சாரம் கரைந்து, ‘தமிழில் பேசாதே’ என்ற தடை மட்டும் மிஞ்சியதாக எனக்குத் தோன்றுகிறது. சில பள்ளிகளில் இன்றும் அதற்கு அபராதம் உண்டு.

இன்னொரு தரப்பு, இலக்கணம் கற்பிக்கவே வேண்டாம், மொழி தானாக வரும் என்பது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தை இதற்குச் சான்று காட்டுவார்கள். பொருளில் கவனம் இருக்கையில் இலக்கணம் படியும் என்பது பிரபுவின் கருத்து; மதிக்கத்தக்கது. ஆனால் மாணவனுக்கு விதியைச் சொல்லாதே என்பது வேறு, ஆசிரியருக்கே விதி தெரிய வேண்டாம் என்பது வேறு. தானாக வரும் என்றால் எங்கிருந்து வரும்? அடையாற்றுப் பிள்ளைக்கு வீட்டில் வரும். எர்ணாவூர்ப் பிள்ளையின் தெருவில் ஆங்கிலம் கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது. அதில் வினைச்சொல்லே இருக்காது.

என் இனத்தாரையும் விட்டுவிடுவதற்கில்லை. தமிழ்த்துறைகளில் வினையெச்சம் இரண்டு மதிப்பெண் வினா. இலக்கணக்குறிப்பு வரைக, அவ்வளவுதான். உயிருள்ள ஒரு வாக்கியத்தில் அது என்ன செய்கிறது என்று நாங்கள் காட்டியிருந்தால், அந்தப் பெண் தாமாகவே கண்டுபிடித்திருப்பார். நானும் இருபதாண்டு காலம் இரண்டு மதிப்பெண்ணுக்குத்தான் கற்பித்தேன்.

ஒரு காற்புள்ளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துச் சட்டம் ஒன்றில், கூடுதல் நேர ஊதியம் பெறத் தகுதியற்ற வேலைகளின் பட்டியல் இருந்தது. அதன் இறுதியில் ‘அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதிதல்’ என்று ஒரே வேலையைச் சொல்கிறதா, ‘பொதிதல்’, ‘விநியோகம்’ என்று இரண்டையா என்பது தெளிவாகவில்லை. ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் இரண்டு. ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள், தங்கள் வேலை பொதிவதன்று, விநியோகம், எனவே ஊதியம் தருக என்று வழக்காடினர். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரி ஓட்டுநர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். இக்கதையைச் சொன்ன அன்றுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எண்ணூரில் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. இவற்றைப் பற்றிய பசுமைத் தீர்ப்பாய உத்தரவுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. 2020இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியாக, மற்ற மொழிகளிலும் தருமாறு தில்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் தமிழில் வர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு, அதில் ஐயமில்லை. வரும்வரை, ‘தவிர’ என்ற சொல் எந்தக் காற்புள்ளி வரை செல்லும் என்று ஒரு நிபந்தனையைப் படித்துச் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் வேண்டாமா? அந்தப் பத்துப் பேருக்குக் கற்பிக்கப் போகிறவர்கள் இப்போது ‘அ, ஆ, இ, ஈ’ என்று நான்கு விடைகளில் ஒன்றைக் கருப்பாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதன்று. தகுதித் தேர்வில் ஆங்கிலப் பகுதியில் ஒரு பக்கம் கையால் எழுதவைத்து, அதை மனிதர் ஒருவர் திருத்த வேண்டும். பி.எட். ஈராண்டில் ஒரு பருவம் தமிழ், ஆங்கில இலக்கணங்களை அருகருகே வைத்துக் கற்பிக்க வேண்டும். இரு துறையினரும் ஒரே அறையில் நின்று நடத்த வேண்டும். செலவாகும் என்பார்கள். சோழன் நிலமே விட்டான்.

வரும் ஞாயிறு பெயரெச்சம் எடுப்பதாக இருக்கிறேன். ஆங்கில நண்பர் தாமும் வந்து பின்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழில் பேசக்கூடாது என்ற விதியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருவதென்றால் வரட்டும்.