கேஸிங்கின் மூலையில் இருக்கும் பெட்டி



சென்ற மாதம் ஒரு நாள், அஸருக்குப் பின்னர் பாடம் முடித்து வெளியே வந்தபோது மத்ரஸா வாசலில் ஒரு தாய் காத்து நின்றார். அக்குறணைப் பக்கத்திலிருந்து வந்தவர். கையில் மடித்த ஒரு துண்டுக் காகிதம்.

"மவ்லவி, மகனுக்கு கம்பியூட்டர்ல கார்ட் ஒண்டு போடணுமாம். கேம் விளையாடவாம்" என்று தொடங்கினார்.

வழக்கமான கேள்விதான் வருகிறது என்று எண்ணி, தொழுகை நேரம், பாட நேரம் என்று பதிலை மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். அவர் கேட்க வந்ததோ வேறு.

"அதப் பத்தி நானும் அவர்ட வாப்பாவும் பேசி முடிச்சிட்டோம். ஓ.எல். நல்லா செஞ்சா வாங்கித் தாறதா சொன்னோம். செஞ்சிட்டான். சொன்ன சொல்லக் காப்பாத்தணுமே! ஆனா மவ்லவி, அந்த கம்பியூட்டரத் தொட்டா சுருக்குனு அடிக்குது. அதுக்குள்ள இன்னும் ஒரு சாமானப் போட்டா வீட்டுக்கு ஒண்டும் ஆகாதா?"

நான் வாயடைத்துப் போனேன். அவருடைய மகன் கேட்காத கேள்வி அது. கார்டை விற்கும் கடைக்காரர் பலரும் கேட்காத கேள்வியும் அதுதான்.

அரபுக் கல்லூரியில் ஓதியவனுக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் எண்ணலாம். நியாயந்தான். எங்கள் மத்ரஸாவில் அலுவலகங்கள் பாவித்துக் கழித்த பழைய கம்பியூட்டர்கள் சில இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது. ஆரம்பத்தில் நான் செய்த தவறு ஒன்றுண்டு. ஒரு கம்பியூட்டரின் கேஸிங் உடைந்துபோனதால் நகரில் ஒரு கடையில் புதிய கேஸிங் வாங்கினேன். பவர் சப்ளை அதனுடன் இலவசம் என்றார்கள். மகிழ்ச்சியோடு தூக்கி வந்தேன். மூன்றாம் மாதம் ஒரு பகல் பொழுதில் 'டப்' என்று ஒரு சத்தம், மீன் கருகியது போல ஒரு நாற்றம். போனது அந்த இலவசப் பெட்டி மட்டுமல்ல. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்க்கில் ஐந்து வருடத்துப் பிள்ளைகளின் பெறுபேறுகள் இருந்தன. அவற்றை மறுபடி கையால் எழுதிச் சேர்க்க எனக்கு இரண்டு விடுமுறைகள் பிடித்தன. அதன் பிறகுதான் இந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டேன்.

கேஸிங்கின் பின்புறம், கரண்ட் வயர் சொருகும் இடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிதான் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் கரண்டை 12, 5, 3.3 என்று சிறு சிறு அளவுகளாக்கி உள்ளேயிருக்கும் சாமான்களுக்குப் பங்கிடுவது அதன் வேலை. இதில் கனமான பங்கு 12 வோல்ட்டுக்குரியது. கம்பியூட்டரின் மூளையும், பிள்ளைகள் ஆசைப்படும் கிராபிக்ஸ் கார்டும் அதைத்தான் உண்கின்றன. பெட்டி கெட்டால் பங்கீடு கெடும். பங்கீடு கெட்டால் அதனோடு தொடுத்திருக்கும் எதுவும் கெடலாம்.

கலியாண வீட்டில் எத்தனை சஹன் என்று கணக்குப் பார்க்காமல் யாராவது சட்டியை அடுப்பில் ஏற்றுவார்களா? இதுவும் அப்படியே. அந்தத் தாயின் காகிதத்தில் மகன் எல்லாவற்றையும் அழகாக எழுதிக் கொடுத்திருந்தான். டெல் கம்பனியின் ஒப்டிப்ளெக்ஸ் 9020, நிமிர்ந்து நிற்கும் வகை. நான்காம் தலைமுறை ஐ-5. போட விரும்பும் கார்ட்: பாவித்த ஆர்.எக்ஸ். 580. இத்தகைய அலுவலகக் கம்பியூட்டர்கள்தாம் இன்று நம் வீடுகளில் பரவலாக இருக்கின்றன. குறைந்த விலைக்குக் கிடைக்கும் உறுதியான சாமான்கள்.

கணக்கைப் பார்ப்போம். அந்த ஐ-5 மூளைக்கு 84 வாட். போர்ட், டிஸ்க், பேன் என்று மற்றவற்றுக்கெல்லாம் ஒரு 40, 50 வாட் வையுங்கள். ஆர்.எக்ஸ். 580 கார்டுக்கு மட்டும் 185 வாட். கூட்டினால் 310, 320 ஆகிறது. அந்த டெல் கம்பியூட்டரில் கம்பனி வைத்த பெட்டியோ 290 வாட்! போதாததற்கு, கார்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டிய வயரும் அதில் இல்லை. சட்டி சிறிது, விருந்தாளிகள் அதிகம். அந்தக் கார்டைச் செய்த கம்பனியே 500 வாட் பெட்டி வேண்டும் என்கிறது.

"அப்படியென்றால் 500 வாட் பெட்டி ஒன்று வாங்கினால் சரிதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 500 என்று முகத்தில் எழுதிய மலிவுப் பெட்டியில் 18 அம்பியர் இருந்தால், 18 தடவை 12, வெறும் 216 வாட். நல்ல 450 வாட் பெட்டியில் அந்த இடத்தில் 37 அம்பியர் அளவில் இருக்கும், 444 வாட். ஆக, 450 என்பது 500ஐ விட இருமடங்கு பெரிதாக இருக்கலாம்! அளவையில் குறைப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு சூராவே இருக்கிறது. முதஃப்பிஃபீன் சூராவைப் பாடம் நடத்தும்போது தராசையும் மரக்காலையும் மட்டுமே உதாரணமாகச் சொல்லி வந்தேன். இப்போது இந்த ஸ்டிக்கரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சில மலிவுப் பெட்டிகளில் அட்டவணையும் பொய்யாக இருக்கும். ஆகவே வொரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். நல்ல பெட்டிகளுக்கு மூன்று, ஐந்து வருடம் என்று எழுத்தில் தருவார்கள். "ஏழு நாள் செக்கிங் வொரண்டி" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பெரிய பெயர் மட்டும் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2021ஆம் ஆண்டு, கார்டுகளுக்கு உலகமெங்கும் தட்டுப்பாடு நிலவியபோது, அமெரிக்காவில் நியூஎக் என்ற வியாபார நிறுவனம் கார்ட் வேண்டுமானால் இதையும் எடுங்கள் என்று கிகாபைட் கம்பனியின் 750 வாட், 850 வாட் பெட்டிகளைக் கட்டி விற்றது. கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற குழுவினர் அவற்றைச் சோதித்தபோது பல பெட்டிகள் வெடித்துப் பழுதாகின. அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் கம்பனி, அளவு மீறினால் நின்றுவிடும் எல்லையைக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட தொகுதிகளை மாற்றித் தரவும் முன்வந்தது. அத்தனை பெரிய கம்பனிக்கே அந்த நிலை. ஆகவே பெயரோடு அந்த மாடலையும் எழுதி வந்து, அதைச் சோதித்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று மகனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கேமுக்காக என்றால் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் வாசிப்பார்கள்!

'80 பிளஸ்' என்று ஒரு முத்திரை இருக்கும். 2004இல் தொடங்கிய திட்டம் அது. வெண்கலம், தங்கம் என்று அதில் படிகள் உண்டு. அது சிக்கனத்தின் முத்திரையே தவிரப் பாதுகாப்பின் முத்திரை அல்ல. ஆனாலும் கரண்ட் பில்லைக் கட்டுகிறவர்களுக்கு அது பயன்படும். உள்ளே 200 வாட் தேவைப்படும்போது, நூற்றுக்கு 80 தேறும் பெட்டி சுவரிலிருந்து 250 வாட் எடுக்கும். 65 மட்டுமே தேறும் பெட்டி 308 வாட் எடுக்கும். நாளுக்கு நாலு மணி நேரம் என்றால் மாதம் ஏறத்தாழ ஏழு யூனிட் வெறும் சூடாகப் போகிறது. நம் நாட்டில் யூனிட் கூடக் கூட விலையும் படி ஏறுமல்லவா?

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். 230 என்றும் 115 என்றும் எழுதியிருக்கும். நம் நாட்டுக் கரண்டில் அது 115க்குத் தள்ளப்பட்டால், போட்ட மாத்திரத்தில் பெட்டி வெடித்துப் போகும். தவழும் பிள்ளையின் விரலுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். 230இல் வைத்து, மேலே நல்ல டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று, வயர் விடயம். பெட்டியில் கார்டுக்கான வயர் இல்லையென்றால், டிஸ்க்குக்குப் போகும் வயரை மாற்றிக் கொடுக்கும் ஒரு துண்டு வயரைக் கடையில் தருவார்கள். டிஸ்க்கின் வயர் தாங்குவது 54 வாட். கார்டின் ஆறு முனைச் சொருகி கேட்பதோ 75. உருகுவதற்கு வேறென்ன வேண்டும்? அந்த வயர் இல்லாத பெட்டி, "நான் இந்தக் கார்டுக்கானவன் அல்ல" என்று தன் வாயாலேயே சொல்கிறது. ஒரு பெட்டியோடு வந்த கழற்றும் வயர்களை வேறு பெட்டியில் சொருகவும் கூடாது. சொருகி ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும்.

பழுதான பெட்டியைத் திறந்து பார்க்க ஆண்பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். வயரைக் கழற்றிய பின்னரும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

இனி நம் கண்டிக்கே உரிய சங்கடங்கள். ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் மலைகளுக்கிடையில் இடி முழங்கத் தொடங்கிவிடும். எந்தப் பெட்டியும் பக்கத்தில் விழும் இடிக்கு ஈடுகொடுக்காது. சுவிட்சை அணைப்பது போதாது; பிளக்கைக் கழற்ற வேண்டும். இன்டர்நெட் பெட்டிக்கு வரும் டெலிபோன் கம்பியையும் சேர்த்துத்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது மத்ரஸாவில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். கரண்ட் போனவுடன் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவது, வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுவது. கரண்ட் திரும்பும் அந்த நொடியில்தான் ஏற்ற இறக்கம் அதிகம். யூ.பி.எஸ். வாங்குவதாக இருந்தால் அதிலும் இலக்கத்தைக் கவனியுங்கள். 650 வி.ஏ. என்பது 650 வாட் அல்ல. பெரும்பாலும் 360, 390 வாட்தான்.

இப்போது அந்தத் தாயின் 'சுருக்'குக்கு வருவோம். "பிளக் எப்படிச் சொருகியிருக்கு?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, மேல் ஓட்டையில் பழைய பேனா மூடி ஒன்றைக் குத்தி, இரண்டு பின் எடப்டர் ஒன்றைச் சொருகியிருப்பதாகச் சொன்னார். நம் வீடுகளில் இது எத்தனை சாதாரணம்! அந்த மேல் ஓட்டைதான் எர்த். பவர் சப்ளைக்குள் கசியும் சிறு கரண்ட் அதன் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். வழியை அடைத்தால் அது கேஸிங்கின் இரும்பில் ஏறி நிற்கும், தொட்டவருக்குச் சுருக்கென்னும். இன்று சுருக்கென்பதோடு நிற்கிறது. நாளை உள்ளே ஏதாவது அறுந்தால், இரும்பில் நிற்பது முழு 230 வோல்ட்.

"முதலாவது எலக்ட்ரிஷியன். அடுத்தது பெட்டி. கார்ட் கடைசியாகத்தான் தங்கச்சி" என்றேன். ஆர்.எக்ஸ். 580தான் வேண்டும் என்றால் உண்மையான 500 வாட் பெட்டியும், அந்த டெல் போர்டின் எட்டு முனைச் சொருகிக்குப் பொருந்தும் மாற்று வயரும் வாங்க வேண்டும். பாவித்த 580களில் பல, 2022 வரை இரவு பகலாக நாணயம் தோண்ட ஓடியவை என்பதையும் சொன்னேன். இல்லையேல் ஜீ.டி.எக்ஸ். 1650. அதற்கு 75 வாட் போதும். தனி வயர் கேட்காத வகையைப் பார்த்து எடுத்தால், மொத்தம் 210 வாட் அளவில் நின்றுவிடும். அதைச் செய்த கம்பனி 300 வாட் பெட்டி கேட்கிறது. தரம் குறைந்த பெட்டிகளையும் நினைத்துச் சொல்லும் கணக்கு அது. டெல் வைத்த 290 வாட் பெட்டி எழுதியதைத் தரக்கூடியது. என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான். கொஞ்சம் மெதுவான கார்ட் என்று மகன் முகம் சுளிக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை அவர் ஆள் மூலம் செய்தி அனுப்பியிருந்தார். எலக்ட்ரிஷியன் வந்து பார்த்தாராம். அந்தச் சுவரில் எர்த் வயர் எங்குமே தொடுக்கப்படவில்லையாம். வாஷிங் மெஷினும் அதே சுவரில்தானாம், எட்டு வருடமாக. இப்போது வீடு முழுவதும் வயர் பார்க்கிறார்கள். கார்ட் இன்னும் வாங்கவில்லை. மகன் ஒவ்வொரு நாளும் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.