குத்தூசி யாருக்கு?

ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி என்றால் காப்பி அறுவடைக் காலம். சில்வர் ஓக் நிழலில் பழம் பறிக்கிறார்கள், களத்தில் காய்கிறது, சாக்கில் ஏறுகிறது. வியாபாரி வருகிறார். "முதல் தர சரக்குங்க" என்று தோட்டக்காரர் தலையில் அடித்து சத்தியம் செய்தாலும் அவர் காதில் ஏறாது. குத்தூசியை சாக்கில் செருகி, வந்து விழுந்த கொட்டைகளை உள்ளங்கையில் பரப்பி, முகர்ந்து, ஒன்றைக் கடித்தும் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். பூஞ்சை வாடை அடித்தால் சாக்கு அங்கேயே நிற்கும். இதில் தோட்டக்காரருக்குக் கோபம் ஒன்றும் வருவதில்லை. காசு கொடுப்பவன் பார்க்கத்தானே செய்வான்?

கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி மலையேறி வரும் சுற்றுலாக்காரரும் அப்படித்தான். ஏரிக்கரைக் கடையில் சிப்ஸ் பாக்கெட் வாங்கினால் முதலில் திருப்பித் தேதியைப் பார்ப்பார். தாண்டியிருந்தால் கடைக்காரரோடு ஒரு சண்டை நிச்சயம். பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு!

இப்படித் திருப்பிப் பார்க்கவோ, "வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லவோ வழியில்லாதவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அதில் ஒருவர் பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கிறார். குடியரசு தினத்தன்று அவர் படத்தைப் போட்டு உருகாதவர் கிடையாது. அவர் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்டால் மட்டும் சட்டென்று பேச்சு மாறிவிடும்.

2011ல் மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. ராணுவத்துக்கு உணவுப் பொருள் எப்படிக் கொள்முதல் ஆகிறது, எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றியது. அதில் இருந்த ஒரு விஷயம் இன்றைக்குப் படித்தாலும் வயிற்றைக் கலக்கும். வடக்குப் பிராந்தியப் படைகள் தின்ற உலர் ரேஷன் பொருட்களில் சில, முதலில் குறித்த ஆயுள் முடிந்து 6 முதல் 28 மாதம் வரை ஆனவை. 28 மாதம் என்றால் இரண்டு வருஷமும் நாலு மாதமும். அந்தக் காலத்துக்குள் சேர்வராயன் மலையில் ஒரு காப்பிச் செடி இரண்டு முறை பூத்துக் காய்த்துவிடும்.

இது எப்படி நடக்கிறது? யாரோ வேண்டுமென்றே பழைய மாவைத் தேடிக் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். மலைப்பகுதிகளில் குளிர்காலத்துக்கு முன்பே மாதக்கணக்கான சரக்கை மேலே ஏற்றி வைத்தாக வேண்டும். ஜோஜி லா போன்ற கணவாய்கள் பனியில் அடைபட்டுவிட்டால் லாரி போகாது. அதனால் எப்போதும் தேவைக்கு மேலே இருப்பு. போன வருஷ மிச்சத்தின் மேலே இந்த வருஷ மூட்டை வந்து உட்காரும். ஆயுள் முடியும் தருவாயில் மாதிரி எடுத்து ராணுவத்தின் உணவு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். "இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அங்கிருந்து சீட்டு வந்தால் ஆயுள் நீளும். கொள்முதல் செய்வதும் அவர்கள், சேமிப்பதும் அவர்கள், சோதிப்பதும் அவர்கள், நீட்டிப்பதும் அவர்கள். தின்பவர் மட்டும் வேறு ஆள்.

இந்த இடத்தில் சில மேதாவிகள் எழுந்து ஒன்று சொல்வார்கள்: "தேதி என்பது ஒரு கணிப்புதான். தேதி முடிந்த மறுநாளே விஷமாகிவிடாது." முழுக்க உண்மை. இதற்கு உலகறிந்த சாட்சியே உண்டு. ஸ்டீவ் என்றொரு அமெரிக்கர், பழைய ராணுவ உணவுப் பொட்டலங்களைத் தேடி வாங்கி, காமிரா முன்னால் பிரித்து, பொருள் பொருளாகத் தட்டில் எடுத்து வைத்து, ருசியும் பார்ப்பார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து 1863ம் வருஷ ரொட்டியைக் கடித்திருக்கிறார். தென்னாப்பிரிக்கப் போருக்காக 1899ல் பிரிட்டிஷ் ராணுவம் செய்த அவசர உணவையும் விட்டுவைக்கவில்லை. ஆள் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறார் :-)

ஆனால் மேதாவிகள் அவர் வாயை மட்டும் பார்க்கிறார்கள், கையைப் பார்ப்பதில்லை. டப்பா உப்பியிருக்கிறதா, விளிம்பில் துரு ஏறியிருக்கிறதா, திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கிறதா வெளியே சீறுகிறதா, கொழுப்பு காறிப்போய் பெயிண்ட் வாடை அடிக்கிறதா, எல்லாம் பார்த்த பிறகுதான் வாய்க்குப் போகும். உப்பிய டப்பாவுக்குள் கிருமி வாயு உண்டாக்கியிருக்கலாம். பொட்டுலிசம் கிருமியின் நஞ்சோ இன்னும் மோசம், வாடையும் காட்டாமல் ஆளைக் கொல்லக்கூடியது. அதனால்தான் சந்தேகமானால் துப்பிவிடுகிறார், சிலதைத் தொடுவதே இல்லை. எதைத் தின்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுப்பது தின்னப்போகும் அவரேதான். லடாக்கில் இருக்கும் சிப்பாய்க்கு அந்த வசதி ஏது?

பிரித்துப் பார்ப்பதன் அருமை தெரிய 1852க்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைக்கு டப்பா இறைச்சி கொடுத்து வந்தவர் ஸ்டீபன் கோல்ட்னர். வட துருவப் பக்கம் போய்த் திரும்பாத ஃபிராங்க்ளின் பயணத்துக்கும் 1845ல் டப்பா கொடுத்தவர் இவர்தான். இவர் சரக்கைப் பற்றிப் புகார் குவிந்ததும் கோஸ்போர்ட் கிடங்கில் வரிசையாக டப்பாக்களைத் திறந்தார்கள். 306 டப்பா திறந்ததில் மனிதர் தின்னத் தேறியது 42. மிச்சத்தைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதியதைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்காமல் இருப்பது நல்லது. விஷயம் சந்திக்கு வந்ததால்தான் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அந்த 306ஐயும் மூடிய அறைக்குள் திறந்து, 'திருப்திகரம்' என்று ஒரு சீட்டு எழுதியிருந்தால் மாலுமிகள் தின்றுகொண்டே இருந்திருப்பார்கள். விக்டோரியா காலத்து ராஜாங்கம் செய்த காரியம் இது.

இங்கே என்ன நடந்தது? 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் தேஜ் பகதூர் யாதவ், கருகிய பரோட்டாவையும் மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட பருப்புத் தண்ணீரையும் செல்போனில் படமெடுத்து வெளியிட்டார். (அந்தப் படை உள்துறையின் கீழ் வருவது, ராணுவமல்ல. பசி இரண்டுக்கும் ஒன்றுதான்.) அதிகாரிகள் புகாரை மறுத்தார்கள். ஏப்ரலில் அவர் வேலை போனது. அவர் சொன்னது உண்மையா, மிகையா என்று இங்கே அடித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கர் செய்ததைத்தான் அவரும் செய்தார், தட்டைக் காமிரா முன் வைத்தார். பொழுதுபோக்குக்காக அடுத்தவன் ரேஷனைப் பிரித்தவருக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள். தன் தட்டைத் தானே காட்டியவருக்கு சீருடையே போயிற்று.

உடனே "ராணுவ ரகசியம்" என்பார்கள். எந்த முகாமில் எத்தனை பேர், எத்தனை மூட்டை என்பது ரகசியம்தான், ஒளித்து வையுங்கள். 28 மாதம் பழைய மாவில் வண்டு இருந்ததா இல்லையா என்பதில் எந்த எதிரிக்கு என்ன லாபம்? "ஒழுங்கு" என்பது அடுத்த வாதம். ஒழுங்கு வேண்டும் என்பவர்கள் அதைக் கிடங்கிலிருந்து ஆரம்பிக்கலாமே. முதலில் வந்த மூட்டை முதலில் போகட்டும்.

விஞ்ஞானம் இல்லாத குறையும் கிடையாது. மைசூரில் 1961 முதல் பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் இயங்குகிறது. 1984ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது அவருக்கு இந்தியச் சாப்பாடு தயாரித்துக் கொடுத்த இடம் அது. சூடாக்கினால் போதும் என்கிற பொட்டலச் சாப்பாடுகளும் அங்கே உருவானவைதான். நடுவில் அலுமினியத் தாள் வைத்த பை, உள்ளே உணவை அடைத்து 120 டிகிரி வாக்கில் நீராவி அழுத்தத்தில் வேக வைப்பார்கள், சுமார் ஒரு வருஷம் தாங்கும். (அலுமினியம் என்றதும் ஏற்காட்டுக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். மேட்டூர் ஆலைக்காக இந்த மலையில் பாக்சைட் வெட்டிய குழிகள்.) அந்தத் தாள் காற்றையும் ஒளியையும் தடுக்கும். உள்ளே இருப்பதைப் பார்க்கவும் விடாது. பிரித்தால்தான் தெரியும்.

இனி இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2023ல் ராணுவ ரேஷனில் சிறுதானிய மாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் கம்பு மாவு கோதுமை மாவைப் போல இருப்பு தாங்காது. அதிலுள்ள கொழுப்பால் சீக்கிரமே காறிக் கசந்துவிடும். சேர்வராயன் மலையின் மலையாளி மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். சாமையோ ராகியோ, தானியமாகவே வைத்திருந்து வேண்டும்போது குத்திக்கொள்வதும் அரைத்துக்கொள்வதும்தான் பழைய வழக்கம். மாவாக்கி மூட்டை கட்டி, ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடங்கில் போட்டு, ஆய்வகச் சீட்டில் ஆயுளை நீட்டிக்கொண்டே போனால் கதை என்ன ஆகும்?

கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆயுள் நீட்டிக்கும் ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுக்கும்போது ராணுவத்துக்கு வெளியே உள்ள ஒரு உணவு ஆய்வகத்தின் ஆள் கூட நிற்கட்டும். அதைத் தின்னப்போகும் பிரிவிலிருந்து ஒரு சிப்பாயும் நிற்கட்டும். எத்தனை மாதிரி பிரித்தார்கள், எத்தனை தேறின என்ற இரண்டே எண்களை, ஊர் பேர் இல்லாமல், வருஷா வருஷம் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். குத்தூசியை ஒரு தடவையாவது சிப்பாய் கையில் கொடுங்கள். அவன் முகர்ந்து பார்த்து "வேண்டாம்" என்றால் மூட்டை கீழே இறங்கட்டும்.