லாரிக்கும் உச்சந்தலை உண்டு

யானையைக் குளிப்பாட்டுகிற பாகன் ஏணி தேடி அலைந்து பார்த்திருக்கிறீர்களா? மாட்டான். ஒரு அதட்டல் போடுவான். அது சமர்த்தாக ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். முதுகு, மத்தகம், காது மடல் எல்லாவற்றையும் தரையில் நின்றபடியே தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பான். லாரியிடம் இந்த வசதி கிடையாது. லாரி ஒருக்களித்துப் படுத்தால் தேய்க்கிற ஆள் வரமாட்டார், இன்சூரன்ஸ் ஆள்தான் வருவார்.

இந்த ஞானம் எனக்குப் போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், கோவில்பட்டி பைபாஸ் ஓரத்துக் காலி மனை ஒன்றில் உதயமானது.

என் மனைவியின் தம்பி ஒரு பெட்டி லாரி வைத்திருக்கிறான். நாலு பக்கமும் மேலேயும் தகரம் அடைத்த வண்டி. எங்கள் ஊர் லாரி வேறென்ன ஏற்றும்? தீப்பெட்டிதான். 600 பெட்டி சேர்ந்தால் ஒரு பண்டல். (முப்பது வருஷம் தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதியவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 600 என்பேன்.) 14 வருஷம் ஒரு ரூபாய்க்கே விற்ற பெட்டி, 2021 டிசம்பரில்தான் ரெண்டு ரூபாய் ஆனது. ஆனால் அதே பெட்டி மழையில் நனைந்துவிட்டால் ரெண்டு பைசா பெறாது. காதலிக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்ட மாதிரி, எத்தனை தடவை உரசினாலும் பற்றாது.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முந்தி 30 பண்டல் அப்படித்தான் திரும்பி வந்தது. 18,000 பெட்டி. மச்சான் விசாரணைக் கமிஷன் எதுவும் வைக்கவில்லை. நேராகத் தீர்ப்புதான்.

“டிரைவரு கதவைச் சரியாப் பூட்டலை அத்தான். மழைல நிப்பாட்டிட்டு எங்கயோ டீ குடிக்கப் போயிருக்காரு. நட்டத்தைச் சம்பளத்துல பிடிக்கப் போறேன்.”

“நான் பூட்டினேன் முதலாளி” என்றார் டிரைவர் அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஐம்பது வயசைத் தாண்டியவர். எதிர்த்துப் பேசுகிற வழக்கமே இல்லாதவர்.

பூஜை வந்தது. வாட்டர் சர்வீஸ்களில் எல்லாம் கல்யாணப் பந்தி மாதிரி வரிசை. அங்கே போயும் ஒன்று கவனித்தேன். வண்டியின் அடி வயிற்றைக் கழுவ அருமையாக மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டி மேடை ஏறியதும் அதன் தலை இன்னும் நாலடி உசரத்துக்குப் போய்விடுகிறது! தலையைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தானே சந்தனம், குங்குமம்?

காத்திருக்கப் பொறுமையில்லாத மச்சான், காலி மனையில் வைத்து நாமே கழுவிவிடலாம் என்றான். அந்த மனையில் ஒரு போர் இருந்தது. உப்புத் தண்ணீர்தான். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரை லாரிக்கு ஊற்றினால் என் வீட்டுக்காரி என்னைத்தான் கழுவி ஊற்றுவாள்.

மேற்பார்வை நான்.

டேப் பிடித்து அளந்தேன். 11 அடி. இதற்கும் மேலே போகச் சட்டம் இடம் கொடுக்கிறது, 3.8 மீட்டராக இருந்த உயர வரம்பை 2020-ல் சரக்கு வண்டிகளுக்கு 4 மீட்டர் ஆக்கிவிட்டார்கள். நான் கையைத் தூக்கினால் ஆறேமுக்கால் அடி எட்டும். மிச்சம் நாலேகால் அடி யார் கணக்கு?

எங்கள் ஊர்ப் பக்கம் இந்த நாலேகால் அடிக்கு ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டயரில் கால் வைத்து, கண்ணாடிக் கம்பியைப் பிடித்து, கேபின் மேலே தாவி ஏறுவது ஒரு ரகம். மூங்கிலில் தென்னந்துடைப்பத்தைக் கட்டி வானத்தைப் பெருக்குவது இன்னொரு ரகம். கீழே நின்று வாளியால் வீசி, முக்கால்வாசியைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொள்வது மூன்றாவது.

நாங்கள் கொத்தனாரிடம் மூங்கில் ஏணி இரவல் வாங்கினோம். அங்கேதான் கரிசல் மண் எங்களைப் பார்த்துச் சிரித்தது. கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் அது வெடித்துக் கிடக்கும், கால் உள்ளே போகும். நனைந்தால் உப்பிப் பசையாகும், செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பிக் கொடுக்கும். பத்து வாளித் தண்ணீர் விழுந்த கரிசலில் ஏணியை நட்டு, “ஏறுங்க அண்ணாச்சி, நான் பிடிச்சிக்கிடுதேன்” என்று வீரமாகச் சொன்னவன் அடியேன்.

அவர் ஏறினார். செருப்பில்லாத கால். தகரம், அதன்மேல் ஷாம்பு நுரை. ரெண்டு நிமிஷம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது.

“சார்... இங்கன ஒண்ணு முளைச்சிருக்கு சார்.”

“முளைச்சது இருக்கட்டும் அண்ணாச்சி. நுரை காயுறதுக்குள்ள கழுவுங்க, அப்புறம் கதை பேசலாம்.”

இதைச் சொன்னதும் நான்தான். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கழுவிவிட்டு, ஒரு கையில் ஓஸ் பைப்போடு இறங்கினார். ஏணியின் ஒரு கால் சத்தமில்லாமல் கரிசலுக்குள் இறங்கியது. நான் பிடித்துத்தான் இருந்தேன். என்னையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டு ஏணி போனது. எனக்குச் சட்டை மட்டும் பாழ். அவருக்குக் கணுக்கால் எலும்பு முறிவு. மூணு மாசம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் நான் ஏணி சாஸ்திரம் படிக்கக் கிளம்பினேன். (எலும்பு முறிந்த பிறகு படிப்பதுதானே நம் வழக்கம்.) வெள்ளையடிக்கிறவர்கள், போர்டு எழுதுகிறவர்கள், பங்குனித் தேருக்குச் செண்பகவல்லி அம்மன் கோயிலில் அலங்காரம் கட்டுகிறவர்கள் என்று பார்க்கிறவர்களை எல்லாம் கேட்டேன். எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். வேலை செய்ய ஏணி ஆகாது, சாரம் கட்டு. ஏணி ஏறி இறங்க மட்டும்தான்.

அதுவும் நாலடி உசரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடி தள்ளி நிற்க வேண்டுமாம். எட்டடி உசரத்தில் சாய்த்தால் அடி ரெண்டடி விலகியிருக்கணும். மண் தரை என்றால் கீழே பலகை. இறங்கும்போது ரெண்டு காலும் ஒரு கையுமோ, ரெண்டு கையும் ஒரு காலுமோ, எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும். ஓஸ் பைப்புக்கு அங்கே இடமே கிடையாது. ஏணியில் நின்றுகொண்டு பிரஷர் கன் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். தண்ணீர் முன்னால் பாயும்போது கன் நம்மைப் பின்னால் உதைக்கும். மேலே கரண்டு கம்பி போகிற இடத்தில் அலுமினியக் கம்பையோ ஏணியையோ தூக்கவே கூடாது.

ரயில்வேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பெரிய பணிமனைகளில் ரயில் பெட்டி மெதுவாக நகர, சுழலும் பிரஷ்களே தேய்த்துவிடுகின்றன. வெளிநாட்டில் லாரிக்கும் அப்படி உண்டு. கம்புக்குள்ளேயே தண்ணீர் ஓடி நுனி பிரஷ்ஷில் வழிகிற சாமானும் இருக்கிறது. எங்களுக்கு வெல்டிங் பட்டறை இருந்தது.

ஆறடி உசரத்தில் ஒரு இரும்பு மேடை. அகலமான கால், நாலு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. நிற்கிற இடத்தில் வழுக்காத சொரசொரத் தகடு, சுற்றி இடுப்புக்கு மேலே வருகிற மாதிரி கைப்பிடிக் கம்பி. மச்சான் முணுமுணுத்தான். ஒரு டயர் விலைகூட ஆகவில்லை என்று கணக்கெழுதிக் காட்டினேன். அதில் நின்றால் லாரியின் கூரை முகத்துக்கு நேராக வருகிறது. நீளக் கம்பு பிரஷ் இருந்தால் கூரைமேல் காலே வைக்க வேண்டாம். ரெண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போனால் முழுக் கூரையும் முடிந்தது. எண்ணெய்க் குளியல் மாதிரிதான், உச்சந்தலையில் ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் தலையைத் தேய்த்தால், துடைத்து வைத்த பக்கங்களில் எல்லாம் அழுக்கு வழியும்.

வெள்ளோட்டம் நான்தான். சிமென்ட் தரையில் மேடையை நிறுத்தி, பூட்டுகளை மிதித்துவிட்டு ஏறினேன். இத்தனை வருஷமாக எங்களில் யாருமே அந்தக் கூரையைப் பார்த்ததில்லை. முன்பக்க இடது மூலையில், ரெண்டு தகரம் சேருகிற இடத்தில், நாலைந்து இலையோடு ஒரு வேப்பங்கன்று நின்றது.

காக்கா போட்ட கொட்டையாக இருக்கும். இணைப்பில் தேங்கிய மண்ணில் விழுந்து, மழை குடித்து, வேர் விட்டிருக்கிறது. மெதுவாக இழுத்தேன். அடைத்திருந்த பழைய பசையும் துண்டு துண்டாகக் கூடவே வந்தது. கீழே விரல் நுழைகிற இடுக்கு.

“மாப்ளே, நனைஞ்ச பண்டல் எந்த மூலைல இருந்தது?”

மச்சான் பதில் சொல்லவில்லை. மேடையில் ஏறி வந்து பார்த்தான். இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தான். அப்புறம் லாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான்.

அன்று சாயங்காலம் கழுகுமலைப் பக்கம் டிரைவர் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். மச்சான் கையில் ஒரு கிலோ கடலை மிட்டாய், சட்டைப் பையில் பிடித்த சம்பளம். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். மச்சான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. பையில் கொண்டுபோயிருந்த வேப்பங்கன்றை நான் எடுத்துக் காட்டினேன்.

அண்ணாச்சி அதை வாங்கி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைத்தான் சார் அன்னைக்குச் சொல்ல வந்தேன்” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “ஏ புள்ள, ஒரு செம்புத் தண்ணி கொண்டா. இன்னும் உசிரு இருக்கு” என்றார்.