சிப்பிக்கும் லாட் நம்பர் உண்டு

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். துணி ரோலில் லாட் நம்பர் கிழிந்துபோனால் என்ன ஆகும்? எந்த நூல், எந்தச் சாயம், என்றைக்கு ஓட்டியது, ஒன்றும் தெரியாது. துணி அதேதான், ஆனால் அதன் ஜாதகம் போச்சு! ஒரு லாட் நம்பருக்கு இத்தனை பதறுகிற நாம், 7 கோடி வருஷத்து லாட் நம்பரை தினமும் வெடி வைத்துக் கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கே என்கிறீர்களா? திருப்பூருக்குக் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில், அரியலூரில். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிரைஃபியா என்ற தடித்த ஓட்டுச் சிப்பி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அத்தனையும் அந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்ததற்குச் சாட்சி. இரண்டு ஓடும் சேர்ந்தே இருந்தால், அது வாழ்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைந்தது. உடைந்து சிதறியிருந்தால், அலை உருட்டி வந்தது. ஓட்டிலுள்ள ஆக்சிஜனை அளந்து அன்றைய கடல்நீரின் சூட்டைக்கூடச் சொல்கிறார்கள், சார்!

காரையில் கிடைக்கும் அம்மோனைட் சுருள் இன்னும் கெட்டிக்காரன். அதன் இனங்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறியவை. ஒரே இனம் இங்கேயும் ஐரோப்பாவிலும் கிடைத்தால், இரண்டு பாறையும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. இதைவிட நல்ல லாட் நம்பர் உண்டா?

இதன் மதிப்பு வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. 1846இல் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் தென்னிந்தியச் சிப்பிகளைப் பற்றி எழுதினார். 1862இல் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். ஸ்டோலிஸ்கா 1873 வரை வால்யூம் வால்யூமாக எழுதித் தள்ளினார். உலகப் புவியியல் புத்தகங்களில் நம்ம ஊர்ப் பெயர்கள் ஏறியது இப்படித்தான். நமக்கு? சிமென்ட் மூட்டை.

“கல்லைப் பார்த்தா சோறு வருமாங்க?” என்பீர்கள். வரும். நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறோமே, அது காவிரிப் படுகை. அந்தப் படுகையின் பழைய கடல் அடுக்குகள்தான் அரியலூரில் தரைக்கு மேலே தலைகாட்டுகின்றன. கீழே ஆழத்தில் இருப்பதைப் புரிந்துகொள்ள, மேலே தெரிவதைப் படித்தாக வேண்டும்.

சிமென்ட்டே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நானும் சிமென்ட் கூரைக்குக் கீழேதான் தூங்குகிறேன். கேட்பது இரண்டே இரண்டு. புது அடுக்கில் வெடி வைக்குமுன் ஒரு புவியியலாளர் இறங்கி அளந்து, படம் எடுத்து, மாதிரிகளுக்கு நம்பர் போடட்டும். சுரங்கத்துக்கு ஒரு சுவரையாவது வெட்டாமல் விட்டுவைக்கட்டும். சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரத்தைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு இது முடியாதா?

உங்களுக்கும் ஒரு வார்த்தை. டூர் போன இடத்தில் அழகாக இருக்கிறதே என்று சிப்பியைப் பாக்கெட்டில் போடாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் ஷோகேஸ் பொம்மை. பார்க்க ஆசையா? வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிழிந்த துணியைத் திரும்ப நெய்துவிடலாம். அரைத்த கடலை?