தவசிப்பிள்ளைக்கு முதல் பந்தி

சென்ற ஆண்டு, பாரிஸ் நகரில் இருக்கும் மகள் வீட்டிற்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவன் என்பதால், மகளும் மருமகனும் ஒருநாள் எங்களைக் கார் த லியோன் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் 'லெ த்ரான் ப்ளூ' உணவகத்திற்கு அழைத்துச் சென்றார்கள். 'நீல ரயில்' என்று பொருள். 1901-இல் திறந்த கூடம். ரயில் சென்று சேரும் ஊர்களையெல்லாம் சுவரிலும் கூரையிலும் ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். 1972-இல் அரசு அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

மேசையைப் பார்த்ததும் என் மனைவி பயந்துவிட்டாள். இத்தனை முள்கரண்டியில் எதை எடுப்பது? "வெளியிலிருந்து உள்ளே வாங்க அத்தை" என்று மருமகன் சொல்லிக் கொடுத்தார். பக்கத்து மேசையில் ரொட்டியைக் கையால்தான் பிய்த்துத் தின்றார்கள் என்பதைக் கண்டபின் அவளுக்குத் தைரியம் வந்தது. ஒவ்வொன்றாகக் கொண்டு வைக்கும் இந்த வழக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யாவிலிருந்து வந்ததுதான். அதற்கு முன் அவர்களும் நம் இலையைப்போலப் பல பதார்த்தங்களையும் ஒன்றாகவே பரப்பி வைத்தார்கள். ஆகவே கரண்டி பிடிக்கத் தெரியவில்லையே என்று யாரும் கூச வேண்டியதில்லை.

நான்கு பேருக்கு ஆன தொகை, நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டின் மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். ஆனால் அதைச் சொல்ல நான் எழுதவில்லை. பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகுமுன், சமைத்தவருக்குத் தம் நன்றியைச் சொல்லும்படி பரிமாறியவரிடம் கேட்டுக்கொண்டார். அது என் மனத்தில் தைத்தது. எஸ்காஃபியே என்ற சமையற்காரருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது தந்த நாடு அது. 2023-இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை இலங்கையில் பிறந்த தமிழர் தர்ஷன் செல்வராஜா பெற்றார். அதனால் ஓராண்டுக்கு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு ஒலிம்பிக் சுடரையும் அவர் ஏந்தினார்.

இரண்டு நாள் கழித்து, லா ஷப்பல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைந்த தெருவில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பியைச் சந்தித்தேன். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் தட்டுக் கழுவச் சேர்ந்து, இப்போது மீன் சமைக்கும் பொறுப்பில் இருப்பவர். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. "அப்பா குசினியில வேலை எண்டுதான் என்ர மகள் பள்ளிக்கூடத்தில சொல்லுவாள். அதில என்ன வெக்கம் ஐயா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

காரணம் இதுதான். என் தகப்பனார் ஒரு தவசிப்பிள்ளை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவர். 1956-இல் எல்லை பிரிந்த பிறகும் சாலையை விட்டுப் போகவில்லை. சாலையிலும் ஆரியசாலையிலும் கரமனையிலும் எத்தனையோ கல்யாணங்களுக்கு ஆக்கிப் போட்டவர். ஆக்குப்புரைப் புகையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். அந்தப் பணத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன். ஆனால் பள்ளியில், "அப்பாவுக்குக் கம்போளத்தில் வியாபாரம்" என்று சொன்னேன். 1987-இல் என் கல்யாணத்திலும் மேலதிகாரிகளிடம் அப்படியே அறிமுகம் செய்தேன். அப்பா மறுக்கவில்லை. பந்தியில் ஒருவர் சாம்பார் வாளியைச் சரித்தபோது தாங்கப் பிடிக்க நீண்ட அவர் கை, பாதியில் நின்று பின்வாங்கியது. அதை நான் பார்த்தேன். 1998-இல் அவர் காலமாகும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

"கூலி வாங்குகிறார்கள், அதற்குமேல் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் சம்பளம் வாங்கியவன்தான். ஆனால் ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்டார்கள், மேடையில் பேசினார்கள். ஊருக்கெல்லாம் அவியலும் எரிசேரியும் பாயசமும் வைத்துக் கொடுத்தவர், கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிட்டார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தவசிப்பிள்ளைகளின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவது கூலி குறைவால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரரிடம் நாம் கற்க வேண்டியது கரண்டி பிடிக்கும் முறையை அல்ல. சமைத்தவரை மதிக்கும் முறையை. ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விருந்தில் தவசிப்பிள்ளையையும் அவருடைய ஆட்களையும் முதல் பந்தியில் உட்கார வைப்போம். நாம் பரிமாறுவோம். அவர்கள் பெயர்களை அழைப்பிதழிலும் இந்த இதழிலும் அச்சிடுவோம். செலவு ஒன்றுமில்லை.

அன்று முதல் இலையைப் போடும் வேலையை எனக்குத் தாருங்கள். என் தகப்பனாருக்குச் செய்யத் தவறியதை அங்கேயாவது செய்துகொள்கிறேன்.